மூட்டைக்காரன் போட்டிருந்த சட்டை

என் அக்காவை உட்கார்ந்த நிலையில் பார்த்தவர்கள் குறைவு. சாப்பிடுவது நின்றுகொண்டு, போன் பேசுவது நடந்துகொண்டு. பேருந்தில் இடம் கிடைத்தாலும் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன் என்று சொல்லிப் பதினோரு நிறுத்தம் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவாள். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்று வீட்டுக்கு வருகிறவர்கள் சொல்வார்கள். கூடவே இருக்கிற எனக்குத்தான் தெரியும், சக்கரம் காலில் இல்லை, மண்டைக்குள் இருக்கிறது. ஒரு வேலை முடிந்துவிட்டது என்று அவள் ஒருநாளும் நம்பியதில்லை. பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள், நாலாவது முறை என்னை இழுத்துப் பார்க்கச் சொல்வாள்.

நான் அவளைவிட ஆறு வயது சின்னவள். ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பில் இருக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதுதான் என் உத்தியோகம். எங்கள் இரண்டு பேரையும் கலந்து சரிபாதியாகப் பிரித்திருந்தால் இரண்டு நல்ல பெண்கள் கிடைத்திருப்பார்கள் என்று சித்தப்பா சொல்வார். அவருக்கு அதைச் சொல்ல ஒரு தகுதியும் கிடையாது என்றாலும் சொன்னது சரிதான்.

அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது. கல்யாணம் ஆகவில்லை. அப்பா போனபிறகு வீட்டைத் தூக்கி நிறுத்தினாள், என்னைக் கட்டிக்கொடுத்தாள், திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் முறை தாண்டிப் போய்விட்டது. கட்டிக்கொடுத்த என்னையும் ஆறு வருஷத்துக்கு முன்னால் திரும்ப வாங்கி வைத்துக்கொண்டாள். என்னைக் கட்டிய அந்த ஆள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சவரம் செய்துகொண்டு, ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு கம்பி நீட்டிவிட்டான். எங்கே, யாரோடு என்பதெல்லாம் எனக்குத் தெரியும், இங்கே எழுதப் போவதில்லை. அவன் சாமான் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டித் தலை முழுகிவிட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். தினமும் ஒருமுறையாவது அவனைக் கரித்துக்கொட்டுவேன். அக்கா கேட்டுக்கொண்டே துணி மடிப்பாள்.

அவள் வேலை பார்த்தது இரவு ரயில்களுக்குப் போர்வை கொடுக்கிற கிடங்கில். பத்தொன்பது வருஷம். ரயில்கள் கழுவப்படுகிற இடத்துக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு நீண்ட அறை, இரண்டு பக்கமும் கூரை முட்டும் மர அடுக்குகள். இடது பக்கம் சாம்பல் நிறக் கம்பளிகள், சாதாரணப் படுக்கைப் பெட்டிகளுக்கு. வலது பக்கம் கருஞ்சிவப்பு, முதல் வகுப்புக்கு. சலவையிலிருந்து வருகிற ஒவ்வொரு கம்பளியையும் அக்கா கம்பியில் தொங்கவிட்டு, விளக்கை அணைத்துவிட்டு, பின்னாலிருந்து டார்ச் அடிப்பாள். ஓட்டை இருந்தால் இருட்டில் அது மட்டும் பளிச்சென்று தெரியும். அதனால் அவளுக்கு அங்கே டார்ச் அக்கா என்று பெயர். ஓட்டை விழுந்தவற்றைத் தைக்க அங்கே ஆள் கிடையாது. வாரத்துக்கு ஐந்தாறு கம்பளிகளைச் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிறு முழுக்க நின்றுகொண்டே தைத்து, திங்கள் காலை திரும்ப எடுத்துப் போவாள். கிடங்குச் சாமான் வெளியே போகக்கூடாது என்று விதி இருக்கிறது. எல்லாருக்கும் தெரியும், யாரும் கண்டுகொள்ளவில்லை.

கம்பளிக்கு ஓட்டை எப்படி விழுகிறது என்பதில் அவள் பண்டிதை. சிகரெட் சுட்டது, செருப்பு மாட்டிக் கிழிந்தது, எலி கடித்தது, பூச்சி தின்றது என்று தடவிப் பார்த்தே சொல்வாள். அந்தக் கடைசி ஆள்தான் அவளுடைய ஜென்ம விரோதி. துணி தின்கிற அந்துப்பூச்சிகளில் ஒரு வகை. அரிசிமணி நீளம் இருக்கும். மங்கிய பழுப்பு இறக்கை, அதில் பேனாவால் தொட்டு வைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள், ஓரமெல்லாம் குஞ்சம். சுவரில் உட்கார்ந்தால் தூசி ஒட்டியிருக்கிறது என்று நினைப்போம். அதைப் பார்த்ததும் கிடங்கில் எல்லாரும் கையைத் தட்டிக்கொண்டு ஓடுவார்கள். அக்காவுக்கு எரிச்சல் வரும். பறக்கிறது ஒன்றும் தின்னாது, அதற்குச் சாப்பிட வாயே கிடையாது, பறக்கிறதில் பெரும்பாலும் ஆண்தான், முட்டை வைக்கிறவள் மடிப்புக்குள் ஓடி ஒளிந்துகொள்வாள் என்பாள். தின்பதெல்லாம் புழு. வெள்ளைப் புழு, பழுப்புத் தலை, வெளிச்சம் என்றால் ஆகாது.

அந்தப் புழுவுக்கு ஒரு பழக்கம். தின்கிற கம்பளியிலேயே நூல் பிய்த்து, தன் பட்டோடு சேர்த்துப் பின்னி, இரண்டு பக்கமும் திறந்த ஒரு சின்ன உறை செய்து, அதற்குள் இருந்துகொள்ளும். போகிற இடமெல்லாம் அதை இழுத்துக்கொண்டே போகும். அதனால் அக்கா வைத்த பெயர் மூட்டைக்காரன். உடம்பு வளர வளர உறையையும் வளர்க்கும். இரண்டு முனையிலும் புது நூல் சேர்க்கும். இறுக்கினால் பக்கவாட்டில் கிழித்து ஒட்டுத் துண்டு வைக்கும், தையல்காரர் இடுப்பு அகலம் வைக்கிற மாதிரி. சாம்பல் கம்பளி தின்றால் சாம்பல் உறை, சிவப்பு தின்றால் சிவப்பு உறை. வழியில் இடம் மாறினால் பட்டை பட்டையாக நிறம் மாறும். நடுவில் இருப்பதுதான் அது முதலில் தின்ற இடம்.

இது எந்த நாட்டில் இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன். எந்த நாட்டில் இல்லை என்று கேள் என்றாள். முதலில் பறவைக் கூடுகளில் இறகையும் உதிர்ந்த முடியையும் தின்று கிடந்ததாம். மனிதன் கம்பளி போர்த்த ஆரம்பித்ததும் அவனோடு வீட்டுக்குள் வந்துவிட்டது. சொந்தமாகப் பெரிய தூரம் பறக்காது. மனிதன் சுமந்து போன இடத்துக்கெல்லாம் போயிருக்கிறது. சுத்தமான கம்பளி அதற்கு உப்பில்லாத சாப்பாடு மாதிரி, வளரவே வளராது. வேர்வையும் உடம்பு எண்ணெயும் எங்கே பட்டிருக்கிறதோ அங்கேதான் முதலில் வாய் வைக்கும். இதையெல்லாம் அவள் சொன்னபோது நான் சுவாரசியமில்லாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். காதை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று பிற்பாடு தோன்றியது.

போன குளிர்காலத்துக்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை, முதல் வகுப்பு அடுக்கில் ஒரு கம்பளியின் மடிப்பில் மூட்டைக்காரன் ஒருவனை அக்கா கண்டாள். மேலாளருக்குப் போன் செய்தாள். மேலாளர் புதியவர், வந்து எட்டு மாதம். பின்னால் என்ஜின் சத்தம். "சார், போர்வையில மூட்டைக்காரன் வந்துட்டான்" என்று இவள் சொல்ல, அவர் காதில் மூட்டைப்பூச்சி என்று விழுந்தது. ரயிலில் மூட்டைப்பூச்சி என்றால் சும்மாவா? அவள் அடுத்த வாக்கியம் சொல்வதற்குள் அவர் போனை வைத்துவிட்டுத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். இரண்டு ரயில்களின் படுக்கைப் பெட்டிகளைப் பூட்டி மருந்துப் புகை போட்டார்கள். பயணிகள் மூன்று மணி நேரம் நடைமேடையில் நின்றார்கள். யாரோ படம் எடுத்துப் போட்டு, 'இந்த ரயிலில் ரத்தம் இலவசம்' என்று ஊரே சிரித்தது. புதன்கிழமை, பெட்டிகளைக் குடைந்து பார்த்த நிபுணர் ஒரு மூட்டைப்பூச்சிகூடக் கிடைக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

தப்பாகக் காதில் வாங்கினேன் என்று ஒரு மேலாளர் எப்படி எழுத முடியும்? கிடங்கில் பூச்சி இருந்தது உண்மை, அதை உள்ளே கொண்டுவந்தது யார் என்று கண்டுபிடித்து நடவடிக்கை எடுத்துவிட்டேன் என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. கிடங்கைப் பெருக்கித் துடைக்கிற அம்மா ஒருத்தி இருந்தாள். தோளில் எப்போதும் ஒரு துடைக்கிற துணி தொங்கும், அதனால் ஈரத்துணி என்று கூப்பிடுவார்கள். அவள் தன் பழைய துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டிக் கிடங்கின் மூலையில் வைத்திருந்தாள். மூட்டை என்ற வார்த்தை ஏற்கெனவே மேலாளரின் தலைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, இது வசதியாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. வருகிற திங்கட்கிழமையோடு வேலை இல்லை, ரயில் யார்டுக்குப் பின்னால் கொடுத்திருந்த அறையையும் காலி செய்ய வேண்டும் என்று வியாழக்கிழமை மத்தியானம் கடிதம் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தாள். உள்ளே அந்த உறை, ஒரு சென்டிமீட்டர் இருக்கும். புழு செத்துவிட்டிருந்தது. பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தாள். இரண்டு முனையும் கருஞ்சிவப்பு. அதற்கு உள்பக்கம் இரண்டு சாம்பல் பட்டை. நடுவில் ஒரு சாம்பல் ஒட்டுப் போட்டு, கடுகு மஞ்சள்.

"கிடங்குல மஞ்சளே கிடையாது" என்றாள் அக்கா. "ஈரத்துணிக்குக் கம்பளியே ஒத்துக்காது, உடம்பெல்லாம் அரிக்கும். அவ மூட்டையைப் பிரிச்சுப் பார்த்தேன், எல்லாம் பருத்தி. இவன் மஞ்சள்ல பொறந்து, சாம்பலுக்கு வந்து, அப்புறம் சிவப்புக்குப் போயிருக்கான். ரயில்ல ஏறியிருந்தா சலவையிலயே செத்திருப்பான். துவைச்சதுக்கப்புறம் சாம்பல் கம்பளி வெளியில போற ஒரே இடம் நம்ம வீடு."

அறைக்குள் இரண்டு முறை நடந்தாள். பிறகு என் முன்னால் நின்று கேட்டாள்.

"நம்ம வீட்ல மஞ்சள் கம்பளி ஏதாவது இருக்கா?"

"இல்லையே" என்றேன்.

நாள் முழுக்க வருகிறவர்களை வாயைத் திறக்கச் சொல்கிற இடத்தில் வேலை பார்க்கிறவள் நான். என் வாய் அவ்வளவு சீக்கிரமாக மூடிக்கொண்டது.

இருந்தது. என் கட்டிலுக்கு அடியில், கீல் உடைந்த பழைய பெட்டியில், அந்த ஆளின் கடுகு மஞ்சள் ஸ்வெட்டர் இருந்தது. அவன் சாமான் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டியது நிஜம். அதை மட்டும் கொட்டவில்லை. கிளம்பின நாளுக்கு முந்தின ராத்திரி வரை அவன் போட்டிருந்தது. நான் அதைத் துவைக்கவும் இல்லை. ஏன் என்று யாராவது கேட்டால் என்னால் சொல்ல முடியும், ஆனால் சொன்னால் எனக்கே அசிங்கமாக இருக்கும். அவன் கழுத்து வாசனை அதில் இருந்தது, போதுமா? முதல் வருஷம் பலமுறை எடுத்து முகர்ந்தேன். பிறகு குறைந்தது. கடைசி இரண்டு வருஷம் பெட்டியைத் திறக்கவே இல்லை, ஆனால் அது அங்கே இருக்கிறது என்பது எனக்குத் தேவையாக இருந்தது. அந்தப் பெட்டிமேல்தான் அக்கா ஒவ்வொரு சனிக்கிழமையும் கிடங்குக் கம்பளிகளை அடுக்கி வைப்பாள், தரையில் ஈரம் என்று.

அக்கா நம்பிவிட்டாள். என் சொல்லை அவள் இழுத்துப் பார்த்ததே இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. அப்படியென்றால் பக்கத்து வீட்டுக் கம்பளியாக இருக்குமோ, படிக்கட்டில் காயப்போட்டபோது ஏறியிருக்குமோ என்று வெள்ளிக்கிழமை காலை நாலு மாடியும் ஏறி இறங்கி ஒவ்வொரு கதவையும் தட்டி மஞ்சள் கம்பளி இருக்கிறதா என்று விசாரித்தாள். மூன்றாம் மாடியில் விற்பனைக்கு வந்தவள் என்று நினைத்துக் கதவைச் சாத்தினார்கள். அவள் படியிறங்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் தலை சீவினேன். ஒரே வகிட்டை ஐந்து முறை எடுத்தேன், ஐந்து முறையும் கோணலாகவே வந்தது.

வேலையிலும் நிம்மதி இல்லை. இரண்டு பேருக்கு ஒரே நேரத்தைக் கொடுத்துவிட்டு, மருத்துவரிடம் திட்டு வாங்கினேன். மத்தியானம் ஒரு யோசனை வந்தது. ஸ்வெட்டரை எடுத்துப் போய் எங்காவது தூரத்துக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டால் விஷயம் முடிந்தது. யாருக்கும் தெரியாது. அக்காவின் கிடங்கும் பிழைக்கும். ஓய்வுக்கு மூன்று வருஷம்தான் பாக்கி, விதியை மீறி வீட்டுக்குக் கம்பளி கொண்டுவந்ததும் அதில் வீட்டுப் பூச்சி ஏறியதும் தெரிந்தால் அவளை விட்டுவைப்பார்களா? நான் மறைப்பது அவளுக்காகத்தான் என்று எனக்கு நானே பூசி மெழுகினேன். மெழுகிய இடத்தில் ஈரத்துணியின் அறை மட்டும் மறுபடி மறுபடி தெரிந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பெட்டிச் சாவியை எடுத்தேன், கட்டில்மேல் உட்கார்ந்தேன், திரும்ப வைத்துவிட்டேன்.

அன்றே அக்காவிடம் வேறு மாதிரியும் பேசிப் பார்த்தேன். மேலாளரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார், நீ எதற்கு வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாய், சும்மா இரு என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பால்கனிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு ஈரத்துணி எங்கள் வீட்டுக்கே வந்தாள். வாடகைக்கு அறை எங்காவது கிடைக்குமா என்று அக்காவிடம் விசாரிக்க வந்திருந்தாள். அக்கா கடைக்குப் போயிருந்தாள், நான்தான் கதவைத் திறந்தேன். உள்ளே வந்து உட்காரச் சொன்னதும் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். முட்டி வலி, ஒரு காலை நீட்டியே வைத்திருந்தாள். மேஜையில் தண்ணீர் கொஞ்சம் சிந்தியிருந்தது. பேசிக்கொண்டே தோளில் இருந்த துணியை எடுத்துத் துடைத்தாள், என் வீட்டு மேஜையை, அவளுக்கே தெரியாமல்.

"நான்தான் கொண்டாந்தேன்னு நானே நம்ப ஆரம்பிச்சுட்டேன் தங்கச்சி" என்றாள். "எங்கயோ என் முந்தானையில ஒட்டிக்கிட்டு வந்திருக்குமோன்னு துணியெல்லாம் கொதிக்கிற தண்ணியில போட்டேன். உங்க அக்கா மட்டும், நீ இல்ல, நீ இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அவங்க டார்ச் அடிச்சுப் பார்த்துட்டாச் சரியாத்தான் இருக்கும், இல்லையா?"

நான் காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் ஓடினேன். ஒரே தம்ளரில் இரண்டு முறை சர்க்கரை போட்டேன். குடித்துவிட்டுத் தம்ளரையும் கழுவி வைத்துவிட்டுத்தான் அவள் போனாள்.

அவள் படியிறங்கி முடிப்பதற்குள் பெட்டியை இழுத்துத் திறந்துவிட்டேன்.

ஸ்வெட்டர் மடித்த மாதிரியே இருந்தது. தூக்கினேன், கழுத்துப் பட்டை கையோடு வரவில்லை. கழுத்தே இல்லை. இரண்டு அக்குளும் இல்லை. மணிக்கட்டு ஓரத்தில் நாலு நூல் தொங்கியது. முதுகும் வயிறும் அப்படியே, கடையில் வாங்கியது போல நல்ல மஞ்சளாக இருந்தன. மடிப்புகளில் காலி உறைகள் ஒட்டிக்கொண்டிருந்தன, எல்லாம் கடுகு மஞ்சள், எண்ணினால் நாற்பது ஐம்பது இருக்கும். கூடவே மணல் மாதிரி மஞ்சள் கழிவு. எங்கே அவன் வேர்வை பட்டிருந்ததோ அங்கே மட்டும் துல்லியமாகத் தின்றிருந்தன. நான் எதற்காக அதை வைத்திருந்தேனோ அதை மட்டும் தின்றுவிட்டு, எனக்கு வேண்டாத கம்பளியை மீதி வைத்திருந்தன. முகத்தில் வைத்துப் பார்த்தேன். தூசி நாற்றம். ஆறு வருஷமாக நான் இதற்கு மேல்தான் படுத்துத் தூங்கியிருக்கிறேன். வாய்விட்டு அழுதேன். அவனுக்காக இல்லை, என் மேலேயே வந்த ஆத்திரத்தில்.

அக்கா வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், மடியில் ஸ்வெட்டர். அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். காய்கறிப் பையைக் கீழே வைக்கவும் மறந்துபோனாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கிட்டே வந்து, குனிந்து, கழுத்து இருக்க வேண்டிய ஓட்டைக்குள் விரலைவிட்டுப் பார்த்தாள், கிடங்கில் பார்ப்பது மாதிரியே.

"துவைக்கவே இல்லையா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன்.

அவ்வளவுதான் கேட்டாள். பையை வைத்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவந்து ஸ்வெட்டரை உள்ளே போட்டு வாயை இறுக்கிக் கட்டினாள். கட்டிலைப் புரட்டினாள், பெட்டியை வெயிலில் வைத்தாள், பலகை இடுக்கெல்லாம் ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள். ஞாயிறு முழுக்க வீடு தலைகீழாகக் கிடந்தது. நான் கூடவே நின்று வாளி மாற்றிக் கொடுத்தேன். சொல்லாமல் இருந்துவிடேன், இப்போது எல்லாம் சுத்தமாகிவிட்டதே என்று ஒரு முறை நாக்கு நுனி வரை வந்தது. மென்று முழுங்கிவிட்டேன். என் ஸ்வெட்டர் என்று எழுதிக் கொடுக்கட்டுமா, நானும் உன்னோடு வரட்டுமா என்று மட்டும் கேட்டேன். நீ பல்லைப் பார், இது என் வேலை என்றாள்.

திங்கட்கிழமை அந்தப் பிளாஸ்டிக் உறையையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். எனக்கு அன்று நாற்காலி முள்ளாகக் குத்தியது. மருத்துவரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டு நாலு மணிக்கே வீட்டுக்கு வந்து, வாசலுக்கும் பால்கனிக்கும் நடந்தேன். அக்காவுக்கு இருப்பது எனக்கும் தொற்றிவிட்டதோ என்னவோ.

ஆறரைக்கு வந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முதலில் நல்ல சேதி சொன்னாள். ஈரத்துணிக்கு வேலையும் அறையும் உண்டு, மேலாளர் கடிதத்தைக் கிழித்துவிட்டார். இவளுக்குக் கிடங்குச் சாவி போய்விட்டது. பயணிகள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களை வைத்திருக்கிற அறைக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு மேஜை, ஒரு நாற்காலி, யாராவது வந்து கேட்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும், ஓய்வு பெறும் வரை. அவளுக்கு இதைவிடப் பெரிய தண்டனையை ஒரு நீதிமன்றமும் யோசித்திருக்காது. ஸ்வெட்டரைக் கொதிகலன் அடுப்பில் எல்லார் முன்னாலும் போட்டார்களாம். கம்பளி பற்றி எரியவில்லை, முடி கருகுகிற நாற்றத்தோடு சுருங்கிப் போனதாம்.

யாருடையது என்று கேட்டார்களா என்றேன். கேட்காமல் இருப்பார்களா? ஆண்பிள்ளை ஸ்வெட்டர், கழுத்தும் அக்குளும் தின்றது, துவைக்காமல் வைத்திருந்தது என்று பூச்சியே எழுதிக் கொடுத்திருக்கிறது. மேலாளர் கேட்டிருக்கிறார், சலவைக்காரர்கள், ஈரத்துணி, எல்லாரும் சுற்றி நின்றிருக்கிறார்கள்.

"என்னோடதுன்னு சொன்னேன்" என்றாள் அக்கா. "போட்டிருந்தவர் எங்கேன்னு கேட்டாரு. விட்டுட்டுப் போயிட்டாருன்னேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஈரத்துணி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. மேலாளர்கூட அதுக்கப்புறம் என்னை நிமிர்ந்து பார்க்கலை. பத்தொன்பது வருஷமா, பாவம் கல்யாணம் ஆகாதவன்னு பார்த்தவங்க. இன்னைக்குத்தான் வேற மாதிரி பார்த்தாங்க."

"அது என் புருஷன், அக்கா" என்றேன். எதற்காகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் அதுதான் வந்தது. "நாளைக்கே நான் வந்து உண்மையைச் சொல்லிடறேன்."

அக்கா திரும்பினாள். அந்த மாதிரி ஒரு முகத்தை அவளிடம் நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கொஞ்சம் வெட்கப்பட்டிருந்தாள்.

"வேண்டாம்" என்றாள். "ஆறு வருஷம் நீ வெச்சிருந்தே. கொஞ்ச நாள் நான் வெச்சுக்கறேன்."